வெளியடுப்பு அணைந்த நாள்

பாரிசின் லாச்சப்பலில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் ஒக்டோபர் பாதி கழிந்த பிறகுதான் ஹீற்றரைத் திறந்துவிடுவார்கள். முதல் நாள் குழாய்களுக்குள் சுடுநீர் ஏறும்போது எல்லா வீடுகளிலும் இரும்பு சத்தம் போடும். டொக், டொக் என்று. கொஞ்சம் பொறுத்து மறுபடி டொக். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிடுவேன். ரூ லூயி-பிளாங் தெரு முனைவரை நடந்து, வாங்கப்போகாத சாமான்களின் விலையை விசாரித்து, சத்தம் அடங்கியிருக்கும் என்று தோன்றும்போது திரும்பி வருவேன். என் பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது. சொன்னால் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள்.

உங்களுக்குச் சொல்லலாம். நீங்களும் என்னைப்போல அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டில் வந்து இறங்கியவர்கள். ஒரே அறையில் மூன்று குடும்பத்தின் சட்டைகள் காய்ந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் நாங்கள் அந்த ஒரு குளிர்காலத்தைக் கழித்த இடம் போன்ற ஓரிடத்தில் உங்களில் யாரும் இருந்திருக்கமாட்டீர்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சித்தப்பாவின் அறையில் ஒட்டிக்கொண்டு இருந்தோம். அறையின் சொந்தக்காரர் ஒருநாள் வந்து தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, இத்தனை பேர் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். சித்தப்பா ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அந்த உணவக முதலாளிக்கு, பாரிசுக்கு வடக்கே ரயிலும் பேருந்தும் எடுத்துப் போகவேண்டிய ஓரிடத்தில் ஒரு பழைய பண்ணைவீடு இருந்தது. குளிர்காலம் முடியும்வரை அங்கே குடியிருக்க யாராவது வேண்டும். வாடகை இல்லை, சம்பளமும் இல்லை. ஒரேயொரு நிபந்தனை. முற்றத்தில் விறகு போட்டு எரிக்கும் ஒரு கொதிகலன் இருக்கிறது. அது வசந்தம் வரும்வரை அணையக்கூடாது. அணைந்தால் குழாய்களில் தண்ணீர் உறைந்து வெடிக்கும், வீடு பாழாகும், நாங்களும் வெளியே போகவேண்டும்.

"நெருப்பை எரிய வைக்கிறது ஒரு வேலையோ?" என்றார் அப்பா.

"அண்ணை, நீங்கள் காத்திலை சிகரெட் பத்த வைக்கிறதை நான் பாத்திருக்கிறன்" என்றார் சித்தப்பா. "நெருப்புப்பெட்டி ஒரு சிகரெட்டுக்கு ஒண்டு."

எங்களுக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை. போனோம்.

கொதிகலன் வீட்டுக்குள் இருக்கும் என்றுதான் அம்மா நினைத்திருந்தார். அது முற்றத்தில், வீட்டிலிருந்து தள்ளி, தகரக் கூரை போட்ட சின்னக் கொட்டில் ஒன்றுக்குள் நின்றது. ஆள் உயர இரும்புப் பெட்டி. அதற்கு இரட்டைச் சுவர். இரண்டு சுவருக்கும் நடுவே தண்ணீர். உள்ளே விறகு எரிய, சூடாகிய தண்ணீரை ஒரு சிறிய மோட்டார் மண்ணுக்கடியில் போகும் குழாய்கள் வழியே வீட்டுக்குத் தள்ளும். வீட்டுச் சுவர்களில் பொருத்தியிருந்த ரடியேற்றர் இரும்புகளைச் சுற்றிவிட்டுத் தண்ணீர் ஆறித் திரும்பி வரும்.

"அடுப்பை வெளியிலை வச்சிட்டு உள்ளுக்கை இருந்து குளிர் காயுதுகள்" என்று அம்மா அதைச் சுற்றிப் பார்த்தார். அன்றிலிருந்து எங்களுக்கு அதன் பெயர் வெளியடுப்பு. முதல் வெள்ளிக்கிழமை அதன் கதவில் திருநீறு பூசினார்.

"முதலாளி வந்து இதென்னெண்டு கேட்டால் என்ன சொல்லுறது?" என்றார் அப்பா.

"நெருப்பு இருக்கிற இடம் எண்டு சொல்லுங்கோ. அவருக்கும் விளங்கும்."

காலையும் மாலையும் அப்பா விறகு போடுவார். நான் கூடப் போவேன். அவரிடம் தோலால் செய்த ஒரு சோடிக் கையுறை இருந்தது. வலது கையின் பெருவிரல் கருகி ஓட்டை விழுந்திருந்தது. அந்தக் கையுறை பிறகு எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று தெரியவில்லை. அவர் பழகிக்கொண்ட பெரிய பாடம் ஒன்று இருந்தது. கதவைச் சட்டென்று திறக்கக்கூடாது. திறந்தால் உள்ளே அடைபட்டுக் கிடக்கும் நெருப்பு முகத்துக்குப் பாயும். முதல் நாளே அவருடைய ஒரு பக்கப் புருவம் போய்விட்டது.

"ஒரு விரல் அளவு திறந்துபோட்டு நில்லு" என்பார். "அது மூச்சு விடட்டும். பேந்து திறக்கலாம்."

அந்த ஒரு விரல் இடைவெளியால் வெளிக்காற்று உள்ளே போகும்போது உண்மையிலேயே யாரோ மூச்சு இழுப்பதுபோல் கேட்கும். நான் அப்பாவின் கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்வேன்.

வீடு பெரியது. கல் சுவர்கள், முழங்கை நீளத்துக்குத் தடிப்பு. நாங்கள் குசினியையும் இரண்டு அறைகளையும் மட்டும் புழங்கினோம். மற்ற அறைகளில் கதிரை மேசைகளை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். அந்த அறைகளிலும் ரடியேற்றர்கள் சுட்டுக்கொண்டிருந்தன. ஆளில்லாத அறை ஒன்றுக்குள் போய், மூடிய கதிரைகளுக்கு நடுவே அந்தச் சூட்டில் நின்றால், யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல இருக்கும். சுவர்களுக்குள் டொக், டொக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் கிழமை அம்மா பயந்தார்.

"இரும்பு சூட்டுக்கு விரியும், ஆறினால் சுருங்கும். அதுதான் சத்தம்" என்றார் அப்பா. "சூடு இருக்குமட்டும் இந்தச் சத்தமும் இருக்கும். பயப்பிடாதையும்."

நாங்கள் அதை நம்பினோம். நம்பிய பிறகு அந்தச் சத்தம் ஒரு துணைபோலவும் இருந்தது.

கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தார்கள். என்னுடைய கோட்டில் எப்போதும் புகை மணந்தது. பக்கத்தில் இருந்த பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு தன் வாங்கை நகர்த்தும். நான் யாரோடும் பேசவில்லை. பேசாமல் இருப்பவர்கள் நிறையப் பார்ப்பார்கள். வேறு வேலை இல்லை.

முற்றத்தின் அடுத்த பக்கத்தில், பழைய மாட்டுத் தொழுவத்தை ஒட்டி, நீளமாகவும் தாழ்வாகவும் இன்னொரு கட்டடம் இருந்தது. மரச் சாளரங்கள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. கதவில் பூட்டு. அங்கே பழைய சாமான்கள்தான், திறக்க வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஆனால் கிராமத்துப் பெண் ஒருவர், மதாம் என்றுதான் அழைப்போம், காரில் வந்து, வாசலில் நிறுத்தி, கையில் துணி மூடிய கூடையோடு அந்தக் கட்டடத்தின் பின்பக்கம் போவார். கொஞ்ச நேரத்தில் வெறுங்கூடையோடு திரும்பி வருவார். எங்களைக் கண்டால் தலையை அசைப்பார், நிற்கமாட்டார். அப்பா ஒருநாள் மறித்துக் கேட்டார். பூனைகளுக்கு என்று சொன்னாராம்.

"இந்தச் சனம் பூனைக்கும் சூப் வச்சுக் குடுக்குது" என்று அப்பா சாப்பிடும்போது சிரித்தார்.

"பூனைக்கு ஏன் கரண்டி?" என்றார் அம்மா. "கூடைக்குள்ளை கரண்டி கிடந்தது. நான் கண்டனான்."

"கிண்டிக் குடுக்க."

அம்மா மேலே கேட்கவில்லை. எங்களுக்கு அந்த நாட்களில் இந்த நாட்டுக்காரர் செய்த பாதி விசயங்கள் விளங்குவதில்லை. அதில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டோம். நான் அந்த முற்றத்தில் ஒரு பூனையைக்கூடப் பார்த்ததில்லை.

பிறகு பனி பெய்தது. காலையில் கதவைத் திறந்தால் முற்றம் முழுவதும் வெள்ளை. அந்த வெள்ளையில் வெளியடுப்பிலிருந்து எங்கள் வீட்டுச் சுவர்வரை, ஒரு பாய் அகலத்துக்குப் பனி உருகி, ஈரமான கறுப்பு மண் தெரிந்தது. கீழே குழாய் போகும் இடம். அப்பா எனக்கு அதைக் காட்டிப் பெருமைப்பட்டார், தானே குழாய் புதைத்ததுபோல. நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் ஒரு கோடு இருந்தது. வெளியடுப்பிலிருந்து புறப்பட்டு, முற்றத்தைக் குறுக்காகக் கடந்து, அடைத்துக் கிடந்த கட்டடத்தின் சுவரில் போய் முட்டியது. அதன்மேல் சின்னப் பறவைகள் வரிசையாக நின்று ஈர மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தன.

"அப்பா, அங்கையும் சூடு போகுது."

"பழைய லைனாயிருக்கும் பிள்ளை. அந்தக் காலத்திலை மாட்டுக்கும் சூடு குடுத்திருப்பினம்."

மாடு இல்லையே என்று நான் கேட்கவில்லை. பின்னேரம் தனியே போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டில் புழங்காத அறைகளின் கண்ணாடிகளில்கூட ஓரத்தில் பனிப்பூ பிடித்திருந்தது. அந்தக் கட்டடத்தின் சாளரப் பலகை இரண்டுக்கு நடுவே ஒரு வெடிப்பு இருந்தது. அதற்கூடாகப் பார்த்தபோது உள்ளே கண்ணாடியில் பனிப்பூ இல்லை. ஈரம் வழிந்துகொண்டிருந்தது. நம் வீட்டுக் குசினிக் கண்ணாடியில் சோறு வேகும்போது வழியுமே, அதைப்போல. நான் ஓடி வந்துவிட்டேன்.

அது நடந்து கொஞ்ச நாட்களில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் சித்தப்பா வந்தார். வழமையாக வரும்போது லாச்சப்பல் கடையில் அரிசி, கறிவேப்பிலை, மிளகாய்த்தூள் எல்லாம் வாங்கிக்கொண்டு, வாசலிலேயே பகிடி விட்டபடி வருவார். அன்றைக்கும் பைகள் இருந்தன. ஆனால் அவற்றை உள்ளே கொண்டுவராமல் படியில் வைத்துவிட்டு நின்றார்.

"அண்ணி, கொழும்பிலையிருந்து கடைக்கு ஆரோ எடுத்துச் சொன்னவை" என்றார். "உங்கடை ஐயா மோசம் போயிட்டார்."

அம்மாவின் தகப்பன் ஊரில் தனியே இருந்தார். அம்மா ஒரே பிள்ளை. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு சாவு அங்கிருந்து புறப்பட்டு, ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு மாறி, இங்கே வந்து சேரக் கிழமைக் கணக்காகும். இதுவும் அப்படி வந்ததுதான்.

அம்மா அழவில்லை. அடுப்பில் இருந்த பானையை இறக்கி வைத்தார்.

"ஆர் கொள்ளி வச்சது?" என்று கேட்டார்.

சித்தப்பா தன் சப்பாத்தைப் பார்த்தார். "தெரியேல்லை அண்ணி. அயலுக்கை ஆரோ ஒரு பெடியன் எண்டினம்."

"ஆரோ" என்றார் அம்மா.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, அன்றைக்கு வெளியடுப்புக்கு விறகு போடக்கூடாது என்று சொன்னார். நாளைக் காலை தலை முழுகிய பிறகுதான் நெருப்பு. செத்தவீட்டில் அடுப்பு எரிவதில்லை.

"இஞ்சாரும், அது அடுப்பில்லை. அது ஒரு மெசின்" என்றார் அப்பா.

"நெருப்பு எரியுதோ இல்லையோ?"

"எரியுது."

"அப்ப அடுப்புத்தான்."

சித்தப்பா மெதுவாகச் சொன்னார். "அண்ணி, கோவிக்காதையுங்கோ. அங்கை எப்பவோ எரிச்சு முடிஞ்சுது. எட்டாம் நாள் சடங்கும் முடிஞ்சிருக்கும்."

"அங்கை முடிஞ்சுது. எனக்கு இண்டைக்குத்தான் செத்தவர்."

முதலாளியின் நிபந்தனை அப்பாவின் முகத்தில் தெரிந்தது. அவர் சித்தப்பாவைப் பார்த்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் ஓர் இரவில் தண்ணீர் உறையாது என்று சித்தப்பா சொன்னார். அவருக்கும் நிச்சயமில்லை. ஆனால் அம்மா அழுது குளறியிருந்தால் தேற்றியிருக்கலாம். அவர் அதைக்கூடச் செய்யவில்லை. ஊருக்குப் போக முடியாது, முகம் பார்க்க முடியாது, ஒப்பாரி வைக்க ஆட்கள் இல்லை. நெருப்பை எரியவிடாமல் வைப்பது ஒன்றுதான் அவரால் செய்யக்கூடியதாக இருந்தது. அப்பாவுக்கு அது விளங்கியது. அன்று மாலை அவர் கையுறையை எடுக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் தொடங்கிய பனி விடவில்லை. சித்தப்பாவும் திரும்பிப் போகவில்லை. எல்லோரும் கோட்டோடு ஒரே அறையில் படுத்தோம்.

ஞாயிறு காலையில் கண் விழித்தபோது என் மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது. அப்பா வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, சாம்பலில் ஒரு தணல்கூட இல்லை என்றார். எனக்கு அந்த வீட்டின் அமைதி வித்தியாசமாக இருந்தது. இத்தனை நாள் காதில் இருந்த ஏதோ ஒன்று நின்றுபோயிருந்தது. சித்தப்பா சமையல் வாயுவில் தேநீர் வைப்பமா என்று கேட்க வாயெடுத்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாண் ரொட்டியை எடுத்துப் பிய்த்தார்.

அப்போது சுவரில் டொக் என்றது.

நாங்கள் நால்வரும் சாப்பிடுவதை நிறுத்தினோம். மறுபடி, டொக். பிறகு நீண்ட இடைவெளி. பிறகு இரண்டு தரம், அடுத்தடுத்து.

அப்பா எழுந்து போய் ரடியேற்றரில் கையை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார்.

"ஐஸ் மாதிரிக் கிடக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, நான் ஏதோ கேட்டதுபோல, "இது இப்ப சத்தம் போடக்கூடாது" என்றார்.

சித்தப்பா பகிடி விட முயன்றார். "எலியாயிருக்கும். பூனையளுக்கு சூப் குடுத்தால் எலி சுவருக்குள்ளை டான்ஸ் ஆடுந்தானே."

அம்மா எழுந்துபோய் ரடியேற்றருக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் அமர்ந்தார். காதை அந்தக் குளிர்ந்த இரும்பில் வைத்தார். டொக். அம்மாவின் கண்கள் மூடிக்கொண்டன.

"ஐயா" என்றார்.

அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. கூப்பிட்டதும் வரப்போகிறவரைக் கூப்பிடும் குரல் அது. சத்தம் அவர் சொன்னதற்குப் பதிலாக வரவில்லை. அது தன்பாட்டில் வந்தது. ஆனால் அம்மா ஒவ்வொரு தடவைக்கும் தலையை ஆட்டினார். இடையிடையே எங்களுக்குக் கேட்காதபடி எதையோ சொன்னார். நேரம் போகப் போகச் சத்தம் மெலிந்துகொண்டு வந்தது. அம்மா காதை இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டார்.

"எழும்பும்" என்றார் அப்பா. "தலை முழுகிப்போட்டு மூட்டுவம் எண்டு நீர்தானே சொன்னனீர். விடிஞ்சு கனநேரம்."

"மூட்ட வேண்டாம்."

"என்ன?"

"மூட்டினால் போயிடுவார்."

அப்பா அவருக்கு எதிரே குந்தினார். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார். "பைப் வெடிச்சால் நாங்கள் றோட்டிலை. பிள்ளையோடை றோட்டிலை நிக்கோணும்."

"நிப்பம். முந்தி நிக்கேல்லையோ?"

"எத்தினை நாளைக்கு இப்படி இருக்கப் போறீர்?"

"அவர் தட்டுமட்டும்."

அம்மாவோடு அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் பேசவில்லை. ஆனால் அவருக்குப் பயம் வந்துவிட்டது என்பதைக் கண்டேன். குழாயை நினைத்து வந்த பயம் இல்லை அது.

சித்தப்பா இதற்குள் சுவரோரமாக நடந்து ஒவ்வொரு குழாயிலும் காதை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உணவகத்தில் நாள் முழுவதும் கோப்பைகளின் சத்தத்தில் நின்றவர். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. குழாய் வீட்டுக்குள் நுழையும் மூலையில் நின்றுகொண்டு அப்பாவுக்குக் கை காட்டினார்.

"அண்ணை, இஞ்சைதான் கூடக் கேக்குது. வெளியிலையிருந்து வருது."

இருவரும் வெளியே போனார்கள். நான் பின்னால் ஓடினேன். பனி என் முழங்கால் வரை இருந்தது. வெளியடுப்புக் கொட்டிலுக்குள் இரும்பு செத்துப்போனதுபோலக் கறுத்து நின்றது. அதன் பின்பக்கத்திலிருந்து ஒரு சோடிக் குழாய் எங்கள் வீட்டுப் பக்கம் மண்ணுக்குள் இறங்கியது. இன்னொரு சோடி மறுபக்கம் இறங்கியது. சித்தப்பா அந்த இரண்டாவது சோடியில் காதை வைத்தார். அவருடைய முகம் மாறியது.

"இது எங்கை போகுது?" என்றார்.

அப்பா முற்றத்தைப் பார்த்தார். கோடுகள் இல்லை. நெருப்பு அணைந்ததால் இரண்டையும் பனி மூடிவிட்டிருந்தது. எல்லாம் ஒரே வெள்ளை.

நான் கையை நீட்டிக் காட்டினேன். "அங்கை" என்றேன். "பூனையளின்ரை வீட்டுக்கு."

அந்தக் கட்டடத்தைச் சுற்றிப் பனியில் எங்கும் காலடி இல்லை. அந்த மதாமின் கார் இந்தப் பனியில் வந்திருக்காது என்பது அப்போதுதான் அப்பாவுக்கும் தோன்றியிருக்கவேண்டும். அவர் விறகு பிளக்கும் கோடாரியை எடுத்துக்கொண்டு ஓடினார். சித்தப்பா, "அண்ணை, திறக்க வேண்டாம் எண்டு முதலாளி சொன்னவர்" என்று கத்திக்கொண்டே அவருக்கு முன்னால் ஓடினார். பூட்டு இரண்டாவது அடியில் கழன்றது. என்னை வாசலில் நிற்கச் சொன்னார்கள். உள்ளே இருட்டு. கம்பளியும் பழைய சூப்பும் சேர்ந்த மணம். ஓர் ஆளின் தாடி, போர்வைக்கு மேலே. அந்தத் தாடிக்கு மேலே, மிக மெல்லியதாக, வெள்ளையாக ஒரு மூச்சு.

"உயிர் இருக்கு" என்று சித்தப்பாவின் குரல் கேட்டது. "அண்ணை, இதொரு மனிசன்."

அவர் முதலாளியின் மூத்த சகோதரர். நெடுங்காலம் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வாழ்ந்தவர். அந்நியர் முகத்தைக் கண்டால் தாங்கமாட்டார், நடக்கவும் முடியாது. அப்படி ஒருவர் இருப்பதைச் சொன்னால் நாங்கள் வந்து குடியிருக்கமாட்டோம் என்று முதலாளி பயந்திருக்கிறார். நெருப்பு அணையாவிட்டால் போதும், எங்களுக்கு அது தெரியவேண்டியதில்லை என்று நினைத்துவிட்டார். இதையெல்லாம் அவர் மறுநாள் எங்கள் குசினியில் இருந்து, முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சொன்னார். எங்களை வெளியே போகச் சொல்லவில்லை. வசந்தம்வரை இருந்தோம். அவருடைய சகோதரர் ஆஸ்பத்திரிக்குப் போய், பிழைத்து, பிறகு சில வருடங்கள் வேறெங்கோ இருந்ததாகக் கேள்வி.

அந்த மனிசன்தான் தட்டியிருக்கிறார், கையில் ஒரு கரண்டி கிடந்தது என்று அப்பா சாகும்வரை சொன்னார். கூடவே உள்ளே போன சித்தப்பா இப்போது பாரிசுக்கு வெளியே பொண்டியில் இருக்கிறார். போன வருடம் ஒரு கலியாண வீட்டில் அவரிடம் கேட்டேன். கரண்டி மேசையில் கிடந்தது என்றார். ரடியேற்றர் மற்றச் சுவரில், கட்டிலிலிருந்து ஓர் அறையின் முழு அகலத்துக்கு அப்பால் இருந்தது என்றார். அந்த மனிசனின் இரண்டு கையும் போர்வைக்குள் விறைத்துக் கிடந்தன, தான்தான் அவற்றைப் பிரித்தெடுத்துத் தேய்த்தது என்றார். "அண்ணை உனக்குச் சொன்னதை நம்பிக்கொண்டு இரு பிள்ளை, அதுதான் நல்லது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நான் இரண்டில் எதையும் முடிவு செய்யவில்லை.

அந்த நெருப்புக்கு வருகிறேன்.

சித்தப்பா உதவி கூப்பிட, அந்த மதாமின் வீட்டைத் தேடிக் கிராமத்துக்குப் பனியில் ஓடினார். அப்பா இருந்த கம்பளியெல்லாவற்றையும் அந்த மனிசன்மேல் போட்டு, தானும் பக்கத்தில் படுத்து அவரை அணைத்துக்கொண்டார். என்னிடம், "அம்மாவைப் போய்க் கூப்பிடு. ஆள் ஒண்டு குளிரிலை சாகுது எண்டு சொல்லு" என்றார்.

அம்மா அதே இடத்தில், காதை இரும்பில் வைத்தபடி இருந்தார். நான் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சத்தம் இன்னும் வந்துகொண்டிருந்தது, மிக மெதுவாக, மிக அரிதாக. அவர் அடுத்ததற்காகக் காத்திருந்தார். அது வந்தது. பிறகு அவர் ரடியேற்றரை ஒருமுறை தடவிவிட்டு எழுந்தார்.

குழாயடிக்குப் போய்க் குளிர்ந்த தண்ணீரை வாளியில் பிடித்துத் தலையில் ஊற்றினார். துவட்டவில்லை. ஈரச் சேலைக்கு மேலே அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கொட்டிலுக்குள் விறகை அடுக்கினார். அப்பா அடுக்குவதுபோல இல்லை. நீளவாட்டில், ஒன்றின்மேல் ஒன்றாக, மெதுவாக. ஒரு சிறிய கட்டையை மண்ணெண்ணெயில் தோய்த்துப் பற்றவைத்தார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியடுப்பை இடப்பக்கமாகச் சுற்றி வந்தார். குழாய்களைச் சரிபார்க்கிறார் என்று நான் நினைத்தேன்.

அப்படிச் சுற்றுவதை நான் பிறகு ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். கலியாணம் கட்டிய புதிதில், பாரிசுப் புறநகரான கார்ஜில் ஒரு வீட்டில், ஊரிலிருந்து வந்த செத்தவீட்டு வீடியோவைப் போட்டிருந்தார்கள். ஈர வேட்டியோடு ஒரு மகன் கையில் நெருப்போடு விறகைச் சுற்றி வந்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை முதுகுக்குப் பின்னால் நீட்டிக் கொள்ளியை வைத்தார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். எங்கள் ஆட்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. எனக்கு யாரும் இதைச் சொல்லித் தந்திருக்கவில்லை. தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அந்த வீட்டின் கழிப்பறைக்குள் போய் நெடுநேரம் நின்றேன்.

அம்மா வெளியடுப்பின் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார். முகம் முற்றத்தைப் பார்த்திருந்தது. கூந்தல் நுனியில் தண்ணீர் உறையத் தொடங்கியிருந்தது. கையைப் பின்னால் கொண்டுபோய், பார்க்காமலே, நெருப்பை உள்ளே வைத்தார். விறகு பிடிக்கும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்தியது நான்தான். அவர் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தார், வீட்டை நோக்கி, பனிக்குள் கால் புதையப் புதைய. நான் பின்னால் ஓடி, அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

அம்மா திரும்பவில்லை. நடந்துகொண்டே கேட்டார்.

"புகை வருதோ பிள்ளை?"

"ஓம் அம்மா" என்றேன். "நேரா மேலை போகுது."